கழுத்தில் தொங்கும் ஒலிப்பதிவும் அதைத் தேடி எடுக்கும் ஏஐ ஏஜென்ட்டும் – குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"நேற்று டாக்டர் வாப்பாவுக்கு எந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்?"

வீட்டில் உம்மாவிடமோ கூடப் போன தம்பியிடமோ கேட்கும் கேள்வி இது. இருவருக்கும் ஞாபகம் இல்லையென்றால் மருத்துவமனைக்குப் போன் போட வேண்டும். இப்போது இதே கேள்வியைக் கணினியில் தட்டச்சு செய்து, "நேற்று மாலை 5 மணிக்கு நடந்த பேச்சில் டாக்டர் இன்ன மாத்திரையை நிறுத்தச் சொன்னார்" என்ற பதிலை வாங்கிவிட முடிகிறது. அதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, நாள் முழுக்கப் பேச்சைப் பதிவு செய்யும், சட்டையில் குத்திக்கொள்கிற அல்லது கழுத்தில் தொங்கவிடுகிற சிறு கருவி. இன்னொன்று, அந்தப் பதிவுகளை ஏஐ ஏஜென்ட் தானே தேடி எடுக்க வழிசெய்யும் ஒரு சிறு மென்பொருள்.

முதலாவதைப் பற்றி விளம்பரங்கள் நிறையவே சொல்லிவிட்டன. இரண்டாவதைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் குறைவு. ஆனால் வீட்டுப் பேச்சு வீட்டைவிட்டு வெளியே போகும் வாசல் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. ஆகவே அதை எடுத்து, அது என்ன செய்கிறது, எங்கே தவறுகிறது, எதில் கவனம் வேண்டும் என்று இங்கே பதிவு செய்கிறோம். உதாரணத்துக்கு லிமிட்லெஸ் பெண்டன்ட் என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் நிரலாளர் ஆவணங்கள் வெளிப்படையாக வெளியிடப்பட்டவை. பிற கருவிகளும் ஏறத்தாழ இதே அமைப்பில்தான் இயங்குகின்றன.

கருவி யாருடையது?

டேன் சிரோக்கர் என்பவரின் ரீவைண்ட் ஏஐ நிறுவனம் 2024 ஏப்ரலில் லிமிட்லெஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு, 99 டாலர் விலையில் இந்தப் பெண்டன்ட்டை அறிவித்தது. பொத்தான் அளவுள்ள இக்கருவி, காதில் விழும் பேச்சைப் பதிவு செய்து போன் வழியாக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். அங்கே அது எழுத்தாக மாற்றப்பட்டு, தலைப்புகளுடன் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் 'லைஃப்லாக்' என்று பெயர். வாழ்க்கைக் குறிப்பேடு என்று வைத்துக்கொள்ளலாம்.

2025 டிசம்பரில் மெட்டா நிறுவனம் லிமிட்லெஸ்ஸை வாங்கியது. புதிய பெண்டன்ட் விற்பனை அன்றோடு நின்றது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் குறைந்தது ஓராண்டு சேவை தொடரும் என்று அறிவித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் உள்ளிட்ட சில பகுதிகளில் சேவையே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில்தான், கையில் கட்டும் ஒலிப்பதிவுப் பட்டை விற்ற பீ என்ற நிறுவனத்தை அமேசான் வாங்கப்போகும் செய்தி வெளியானது.

இதை வணிகச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போக முடியவில்லை. ஒரு சிறு நிறுவனத்தை நம்பி வீட்டுப் பேச்சைக் கொடுத்தவர், ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் அது ஃபேஸ்புக், வாட்ஸ்அப் நடத்தும் நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கிறது. பழைய பதிவுகளைப் பதிவிறக்கிக்கொள்ளவும் அழித்துவிடவும் வாய்ப்பு தரப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த வாய்ப்பு கருவியின் சொந்தக்காரருக்குத்தான். பதிவில் யார் யாருடைய குரல் இருந்ததோ அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஏஜென்ட் எப்படி எடுக்கிறது?

பதிவுகள் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. அவற்றை வேறு மென்பொருள்கள் கேட்டுப் பெறும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். அந்த வாசலைத் திறக்க ஒரு சாவி உண்டு. ஏபிஐ கீ என்பார்கள். நீளமான எழுத்துக் கோவைதான் அது. அதைக் கொண்டுவருபவர் யாராக இருந்தாலும் சர்வர் பதிவைக் கொடுத்துவிடும். முகம் பார்ப்பதில்லை, ஓடிபி கேட்பதில்லை.

இந்த ஏபிஐயை ஏஐ ஏஜென்ட்டுக்குப் புரியும் வகையில் எடுத்துக் கொடுக்கும் இடைத்தரகர்தான் எம்சிபி சர்வர். எம்சிபி என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட பொது நெறிமுறை; இன்று பல நிறுவனங்களின் ஏஐ செயலிகள் அதை ஏற்றுக்கொண்டுள்ளன. கூலிக்கு வந்த ஆளிடம் "இந்த வீட்டில் மண்வெட்டி இங்கே, கூடை அங்கே" என்று முதலில் காட்டிக் கொடுப்போம் அல்லவா? எம்சிபி சர்வரும் அப்படித்தான். ஏஜென்ட் இணைந்தவுடன், "என்னிடம் இன்னின்ன கருவிகள் உள்ளன, ஒவ்வொன்றும் இதைச் செய்யும், அதற்கு இன்ன விவரம் தேவை" என்று ஒரு பட்டியலைக் கொடுக்கும். நாம் கேள்வி கேட்கும்போது அந்தப் பட்டியலிலிருந்து எதை எடுப்பது என்று ஏஜென்ட் தானே முடிவு செய்கிறது.

லிமிட்லெஸ் ஏபிஐக்காகத் தனி நிரலாளர்கள் எழுதி கிட்ஹப்பில் இலவசமாக வைத்துள்ள எம்சிபி சர்வர்கள் பல உண்டு. அவற்றில் வழக்கமாகக் காணப்படும் கருவிகள் இவை: குறிப்பிட்ட தேதியின் பதிவுகளைக் கொடு, இந்த நேரத்திலிருந்து அந்த நேரம் வரை கொடு, அண்மைப் பதிவுகளைக் கொடு, இந்த அடையாள எண் கொண்ட ஒரு பதிவை முழுமையாகக் கொடு, இந்தச் சொல் வரும் பதிவைத் தேடு.

டாக்டர் கேள்விக்கு வருவோம். ஏஜென்ட் 'நேற்று' என்பதைத் தேதியாக மாற்றுகிறது. தேதிக் கருவியை அழைக்கிறது. சர்வர் சாவியைக் காட்டி ஏபிஐயிடம் கேட்கிறது. பதிவின் தலைப்பு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், யார் என்ன பேசினார் என்ற வரிகள் எல்லாம் எழுத்தாக வந்து சேர்கின்றன. ஏஜென்ட் அவற்றைப் படித்துப் பதில் எழுதுகிறது. இத்தனையும் சில நொடிகளில் முடிந்துவிடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாத்திரை பற்றிய அந்த ஒரு வரிக்காக ஏஜென்ட் அந்த ஒரு வரியை மட்டும் எடுப்பதில்லை. நேற்றைய பதிவுகளை வரவழைத்துத்தான் அதில் தேடுகிறது. டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது மாமி தன் மருமகளைப் பற்றிச் சொன்னது, பக்கத்து இருக்கைக்காரர் தன் நோயைப் பற்றிச் சொன்னது எல்லாமே அதோடு சேர்ந்து ஏஜென்ட்டை நடத்தும் நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றன. ஆக, பெண்டன்ட் நிறுவனம் ஒன்று, ஏஐ நிறுவனம் ஒன்று, இடையில் முகம் தெரியாத ஒருவர் எழுதிய எம்சிபி சர்வர் ஒன்று என்று மூன்று கைகள் ஆகிவிட்டன.

பதில் எங்கே தவறுகிறது?

ஏஜென்ட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். தவறுகள் பெரும்பாலும் சின்ன அமைப்புகளில் ஒளிந்திருக்கின்றன.

முதலில் நேரம். லிமிட்லெஸ் ஏபிஐயிடம் எந்த நாட்டு நேரம் என்று சொல்லாவிட்டால், அது உலகப் பொது நேரமான யுடிசியை எடுத்துக்கொள்ளும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகவே அதிகாலை 5.30க்கு முன் நடந்த பேச்சு முந்தைய தேதியில் போய் விழும். சஹர் நேரத்தில் பேசியதோ, பல ஊர்களில் ஃபஜ்ர் தொழுகைக்குக் கிளம்பும்போது பேசியதோ 'இன்று' என்று தேடினால் கிடைக்காது. துபாயில் இருப்பவருக்கு இந்த இடைவெளி நான்கு மணி நேரம். சர்வரின் அமைப்பில் 'ஆசியா/கொல்கத்தா' என்றோ 'ஆசியா/துபாய்' என்றோ குறித்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

அடுத்தது எண்ணிக்கை. எத்தனை பதிவு வேண்டும் என்று குறிப்பிடாவிட்டால் இந்த ஏபிஐ ஒரு தடவைக்கு மூன்று பதிவுகளைத்தான் தரும். கேட்டாலும் பத்துக்கு மேல் தராது. மீதிக்கு 'கர்சர்' என்ற அடையாளத்தைக் காட்டி மறுபடி கேட்க வேண்டும். சில ஏஜென்ட்டுகள் மறுபடி கேட்கும். சில முதல் கட்டோடு நிறுத்திவிட்டுப் பதில் சொல்லிவிடும். தேடும் கருவியிலும் இதே கதைதான். தனியார் எழுதிய சில சர்வர்களில் 'தேடு' என்பது முழுப் பதிவுக் களஞ்சியத்தையும் தேடுவதில்லை. அண்மையில் எடுத்த சில பதிவுகளுக்குள் மட்டுமே தேடுகிறது.

இதனால்தான், "அப்படி ஒரு பேச்சே பதிவில் இல்லை" என்று ஏஜென்ட் சொன்னால் "நான் பார்த்த பதிவில் இல்லை" என்று மட்டுமே அதைப் புரிந்துகொள்ள வேண்டும். கொடுக்கல் வாங்கலில் "அவர் அப்படிச் சொல்லவேயில்லை, ஏஐ பார்த்துவிட்டது" என்று ஒருவரைப் பொய்யர் ஆக்கிவிட்டால் பிறகு எதைக் கொண்டு அதைச் சரிசெய்வது?

மூன்றாவது, பேசியது யார் என்பது. ஒவ்வொரு வரிக்கும் பேசியவர் பெயர் இருக்கும். கருவியை அணிந்தவரின் குரல் அடையாளம் தெரிந்தால் அவர் என்று குறிக்கும். மற்றவர்கள் பெயர் தெரியாதவர்களாகவே இருப்பார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரிக் குரலில், ஒரே நேரத்தில் பேசும் கூடத்தில் இந்தக் குறிப்பு எவ்வளவு சரியாக இருக்கும் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

நான்காவதுதான் மிக முக்கியமானது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் சொல்லாததை எழுதிவிடுவதுண்டு. ஓபன்ஏஐயின் விஸ்பர் என்ற மென்பொருளை ஆராய்ந்து 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், சோதித்த ஒலித்துண்டுகளில் சுமார் 1 சதவீதத்தில் யாருமே பேசாத சொற்றொடர்கள் முழுதாக எழுதப்பட்டிருந்தன. பேச்சிடையே நீண்ட மௌனம் வரும் இடங்களில் இது கூடுதலாக நிகழ்ந்தது. பக்கவாதம் போன்றவற்றால் பேச்சுத் திறன் பாதிக்கப்பட்டவர்களின் குரலையும் அந்த ஆய்வில் சோதித்தார்கள். அவர்கள் பதிவில் இந்தத் தவறு அதிகம். பெண்டன்ட் எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும் இது அந்தத் தொழில்நுட்பத்துக்கே உரிய குறை என்று எடுத்துக்கொள்வது நல்லது. இடைவெளி விட்டு, இழுத்து இழுத்துப் பேசும் நம் வீட்டுப் பெரியவர்களின் பேச்சில்தான் இந்தக் கருவி அதிகம் தேவைப்படுகிறது. அது அதிகம் தவறக்கூடிய இடமும் அதுவே.

மாத்திரை பெயர், அளவு, பணத் தொகை, தேதி ஆகிய நான்கில் எது வந்தாலும் எழுத்தை மட்டும் நம்பாமல் ஒலியையே கேட்டுவிடுங்கள். லிமிட்லெஸ் ஏபிஐயில் அதற்கும் வழி உண்டு. தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் கொடுத்தால், ஒரு தடவைக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேர ஒலியை ஓக் ஓபஸ் என்ற கோப்பு வடிவில் தரும். பீ போன்ற கருவிகளில் இந்த வாய்ப்பு இல்லை. ஒலியை வைத்துக்கொள்ளாமல் எழுத்தை மட்டுமே சேமிப்பதாக அந்நிறுவனம் சொல்கிறது. அந்தரங்கத்துக்கு அது நல்லதாகத் தோன்றலாம். ஆனால் எழுத்து தவறாக இருந்தால் திரும்பிப் போய்ச் சரிபார்க்க மூலம் இல்லை.

பேச்சே கட்டளையாகும் ஆபத்து

ஏஐ மாடல்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. படிக்கக் கொடுத்த செய்தியையும், செய்யச் சொன்ன கட்டளையையும் அவை எப்போதும் பிரித்தறிவதில்லை. படிக்கக் கொடுத்த கடிதத்துக்குள்ளேயே "இதைப் படிப்பவர் இன்னதைச் செய்யவும்" என்று எழுதியிருந்தால் அதையும் செய்துவிட வாய்ப்புண்டு. 'ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்' என்று இதற்குப் பெயர். இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு, இத்தகைய ஏஐ மென்பொருள்களுக்கான ஆபத்துப் பட்டியலில் இதைத்தான் முதலாவதாக வைத்துள்ளது.

சைமன் வில்லிசன் என்ற மென்பொருள் வல்லுநர் 2025 ஜூனில் இதைத் தெளிவாக விளக்கினார். அந்தரங்கத் தகவல், வெளியார் கொடுத்த உள்ளடக்கம், வெளியே தகவல் அனுப்பும் வசதி ஆகிய மூன்றும் ஒரே ஏஜென்ட்டிடம் சேர்ந்தால் தகவல் திருடுபோகும் வழி திறந்துவிடும் என்றார்.

நமது விஷயத்தில் இது எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். ஒலிப்பதிவு முழுக்க அந்தரங்கம். அதே பதிவில் டிவி பேசியது, யூடியூபில் ஓடியது, கடைக்காரர் சொன்னது, யாரென்றே தெரியாதவர் பேருந்தில் பேசியது எல்லாம் இருக்கிறது. அதாவது மூன்றில் இரண்டு ஒரே பெட்டிக்குள் முன்பே சேர்ந்துவிட்டன. மின்னஞ்சல் அனுப்பும் கருவி ஒன்றையும் அதே ஏஜென்ட்டுடன் இணைத்துவிட்டால் மூன்றாவதும் வந்துவிட்டது. எனவே ஒலிப்பதிவை எடுக்கும் ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சல், வாட்ஸ்அப், இணைய உலாவி ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான பரிந்துரை. வசதி குறையும்தான். குறையட்டும்.

இன்னொன்றும் உண்டு. எல்லா எம்சிபி சர்வரும் படிப்பதோடு நிற்பதில்லை. திறந்த மூல மென்பொருளில் இயங்கும் ஒமி என்ற கருவியின் எம்சிபி சர்வரில், சேமித்த நினைவுக் குறிப்புகளைப் படிக்க மட்டுமல்லாமல் புதிதாக எழுத, திருத்த, அழிக்கவும் கருவிகள் தரப்பட்டுள்ளன. இணைக்கும்போது பட்டியலைப் பார்த்து, படிக்கும் கருவிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் முன் "அனுமதிக்கலாமா?" என்று செயலி கேட்கும். "எப்போதும் அனுமதி" என்பதை மட்டும் அழுத்தாதீர்கள்.

கூட இருந்தவரின் சம்மதம்

நம் வீடுகளிலும் மஹல்லாக்களிலும் பேசப்படும் சில பேச்சுகள் சபையிலேயே முடிந்துவிட வேண்டியவை. கணவன் மனைவி பிணக்கைத் தீர்க்க ஜமாஅத் நிர்வாகிகள் முன் நடக்கும் விசாரணை, வரன் பேசும்போது விசாரித்துச் சொல்லப்படும் குணங்குறைகள், ஜகாத் கேட்டு வந்த ஒருவர் கூனிக்குறுகிச் சொல்லும் வீட்டு நிலைமை இவையெல்லாம் கேட்டவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அறையில் ஒருவரின் சட்டையில் பெண்டன்ட் இருந்தால், ஆறு மாதம் கழித்து "இன்னாருக்கு ஏன் கடன் வந்தது?" என்று ஏஜென்ட்டிடம் கேட்டுப் பதில் வாங்கலாம். பேசியவருக்கு அது தெரியவே தெரியாது.

பெண்டன்ட்டை அறிவித்தபோது லிமிட்லெஸ் ஒரு வசதியையும் சேர்த்தே அறிவித்தது. புதிய குரல் கேட்டால், அவர் வாய்விட்டுச் சம்மதம் சொல்லும்வரை அந்தக் குரலைப் பதிவு செய்யாமல் விடும் முறை அது. யோசனை நல்லதுதான். ஆனால் அதை இயக்குவதும் நிறுத்துவதும் அணிந்தவரின் விருப்பம் என்றால், எதிரில் இருப்பவருக்கு அதனால் என்ன உறுதி?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. கலிபோர்னியா உள்ளிட்ட சில அமெரிக்க மாநிலங்களில் அந்தரங்க உரையாடலைப் பதிவு செய்ய அதில் பங்குபெறும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். நம் சகோதரர்கள் பலர் வேலை பார்க்கும் அமீரகத்தில் இன்னும் கடுமை. 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தின் 44ஆவது பிரிவு, அந்தரங்கத்தில் தலையிடும் நோக்கில் சம்மதமின்றி உரையாடலைப் பதிவு செய்தால் குறைந்தது ஆறு மாதச் சிறை, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதம், அல்லது இவற்றில் ஒன்று என்கிறது. கேம்ப் அறையில் நண்பர்களுக்கிடையே சும்மா மாட்டிக்கொண்டு திரிகிற கருவி அல்ல இது.

இந்தியாவில் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. அதே நேரம் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவியரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் பதிவான பேச்சு நீதிமன்றம் வரை போக முடியும் என்பதைப் பெரியவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வாங்கிவிட்டவர்களுக்கு

ஞாபக மறதி உள்ள பெற்றோருக்காகவோ, காது மந்தமான ஒருவருக்காகவோ இந்தக் கருவியை வாங்கியவர்களைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. மருத்துவரிடம் "டாக்டர், ஞாபகத்துக்காகப் பதிவு செய்துகொள்ளலாமா?" என்று கேட்டு, அவர் சரி என்றபின் பதிவு செய்தால் அது குடும்பத்துக்குப் பெரிய உதவி. அறையைவிட்டு வெளியே வந்ததும் நிறுத்திவிட வேண்டும். நாள் முழுக்க ஓட விடுவதைவிட இப்படித் தேவைக்கு மட்டும் ஓட விட்டால், ஏஜென்ட்டின் கைக்குப் போகும் பொருளும் அந்த அளவோடு நிற்கிறது.

ஏபிஐ சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். உங்கள் கணினியிலேயே ஓடும் எம்சிபி சர்வர் என்றால், பெரும்பாலும் அமைப்புக் கோப்பு ஒன்றில் யாரும் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்தாக அது இருக்கும். வீட்டில் எல்லோரும் தொடும் கணினியில் அப்படி வைப்பது பீரோ சாவியைப் பீரோவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம். உதவி கேட்டு அந்தக் கோப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அப்படித்தான். தவறிப் போட்டுவிட்டால் படத்தை அழித்தால் போதாது. பெண்டன்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியையே ரத்து செய்து, புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்.

இனி வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் மூன்று இடங்களில் துடைக்க வேண்டியிருக்கும். முதலில் சாவியை ரத்து செய்து எம்சிபி சர்வரை நீக்குங்கள். பிறகு பெண்டன்ட் கணக்கில் உள்ள பதிவுகளை அழியுங்கள். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஏஜென்ட்டுடன் நடத்திய உரையாடல்களின் வரலாற்றில், அது எடுத்துப் படித்த பதிவுகளின் நகல் அப்படியே கிடக்கும். பெண்டன்ட் கணக்கில் அழித்தால் அங்கே அழியாது. ஏஐ செயலியைத் திறந்து, அந்த உரையாடல்களையும் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும்.